புகை வரும் பெட்டியோடு போனவள்

"திருடிக்கினு போனாளா? இன்னாத்தடி திருடினா? நீ பாத்தியா?"

தண்ணீர் கேன் கடை வாசலில் நான் இப்படிக் கேட்டதும் சுந்தராம்பாள் தூக்கின கேனைக் கீழே வைத்துவிட்டாள். எங்கள் வடக்குப்பட்டில் அவள் காதுக்குப் போகாமல் ஒரு ஆடு குட்டி போட முடியாது.

"நான் பாக்கல ஆயா. கம்பெனி பஸ்ல போறவங்க அத்தினி பேரும் பாத்தாங்க. வெள்ளை டப்பா. உள்ளேருந்து புகை வருதாம். கேட்டுல செக்யூரிட்டி அவ பையைக் கொட்டிப் பாத்தானாம். அன்னிக்கே ரூம காலி பண்ணிக்கினு பெங்களூருக்கு ஓடிட்டா. இதுக்கு இன்னா பேரு வெக்கறது?"

"பையக் கொட்டிப் பாத்தவன் டப்பாவ ஏன் வுட்டான்? புகை வுட்டுக்கினு கீற டப்பா அவன் கண்ணுக்கு மட்டும் தெரியலியா?"

"அவனுக்கும் எதுனா குடுத்திருப்பா."

"போடி. உன் புருஷன் டயர் கம்பெனிலருந்து கொண்டாந்த கையுறையப் போட்டுக்கினுதான் நீ பாத்திரம் தேய்க்கற. அத்த எவனாவது கேட்டானா?"

கடைக்காரன் சிரித்துவிட்டான். சுந்தராம்பாள் கேனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். போகிற வழியெல்லாம் அதையே வேறு மாதிரி சொல்லிக்கொண்டுதான் போயிருப்பாள். அதனால்தான் இதைச் சொல்ல உட்கார்ந்தேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மாடி ரூம் மெர்சி எழுதுகிறாள். அவள் இடையில் மூக்கை உறிஞ்சினால் நிறுத்துவேன், அப்புறம் தொடருவேன்.

டப்பாவோடு போனவள் பேர் கலைமதி. என் பேத்தி இல்லை. சொந்தமும் இல்லை. என் லைன் வீட்டு மாடி ரூமில் மெர்சியோடு வாடகைக்கு இருந்தவள். மெர்சி கார் உதிரி பாகம் செய்கிற இடத்தில் வேலை, இவள் வேறு இடம். சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. எங்கள் ஊரில் எல்லோருக்கும் நான் ஆயா, அவளுக்கு மட்டும் ஆச்சி. முதல் தடவை "ஆச்சி, மோட்டார் போடுதியளா?" என்று அவள் கேட்டபோது அந்தப் பேச்சின் இழுப்பில் என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்து நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

அவள் தப்பே செய்யாதவள் என்று நான் சொல்ல வரவில்லை. தப்பு செய்தாள். ஆனால் திருட்டு இல்லை. தன் தப்பு இன்னதென்று அவளுக்குத் தெரிந்த நாளிலிருந்து வாசலைத் தாண்டிப் போன நாள் வரைக்கும் அவள் பட்ட பாட்டைப் பார்த்தவள் நான்.

ஒரகடத்தைச் சுற்றிக் கார் செய்கிறான், டயர் செய்கிறான், லாரிக்கு மூக்கு செய்கிறான், முதுகு செய்கிறான். இவள் போன கம்பெனியில் அப்படி எதுவும் கிடையாது. கட்டை விரல் அளவு பாட்டிலில் தண்ணீர் மாதிரி ஒன்றை அடைத்து விற்கிறார்கள். எலி வளர்க்கிறார்கள் என்று யாரோ சொல்லிவிட, தெருவில் அதற்கு எலிக் கம்பெனி என்றே பேர் விழுந்துவிட்டது. வந்த புதிதில் இவள் ரசம் வைத்துக் கீழ் ரூம் பெண்களுக்குக் கொடுத்தால் தொட மாட்டார்கள். எலியைப் பிடித்த கையாம். அவள் கோபப்படவில்லை. முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவி, இரண்டு கையையும் விரித்து அவர்கள் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இந்த ஒரகடத்துலயே சுத்தமான கை இதுதான், வேணும்னா மோந்து பாருங்க."

கையைப் பற்றி அவளுக்குப் பெருமை. என் வீட்டு மொட்டை மாடிக் கொடியில் ஒரே கம்பெனி நீலச் சட்டை பல பேருடையது வரிசையாகத் தொங்கும். மழை வந்தால் இவள்தான் ஓடிப்போய் அள்ளி வருவாள். அவரவர் சட்டையை அவரவர் வாசலில் போடுவாள். ஒரு நாளும் மாறினது கிடையாது. எப்படிடி என்று கேட்டால், "கை ஞாபகம் வச்சிக்கிடும் ஆச்சி" என்பாள்.

பின்னால் அந்தப் பேச்சே அவளைக் குத்தியது.

அந்தப் பாட்டிலில் என்னதான் இருக்கிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை தலை காய வைத்துக்கொண்டிருக்கும்போது கேட்டேன். மூளைக்குள்ளே எத்தனையோ சாமான் இருக்கிறதாம். எது எங்கே இருக்கிறது என்று சும்மா பார்த்தால் தெரியாதாம். ஒரு சாமானைத் தேடிப் போய் அதன் மேல் மட்டும் ஒட்டிக்கொள்கிற ஒன்றை எலி உடம்பு செய்யும். அதைச் செய்கிற விதையை எலியிலிருந்து எடுத்து வளர்த்து, வடித்து, பாட்டிலில் அடைக்கிறார்கள். ஆன்டிபாடி என்று பேர். அது போய் ஒட்டின இடம் விளக்குப் போட்ட மாதிரி தெரியும். வலிப்பு, மறதி, கை நடுக்கம் இதற்கெல்லாம் வழி தேடுகிறவர்கள் இதை வைத்துத்தான் மூளைக்குள் எட்டிப் பார்க்கிறார்களாம்.

எனக்குப் பிடிபடவில்லை. அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள்.

"ஆச்சி, நம்ம லைனுக்குப் பார்சல் வருதுல்லா. நல்ல ஆளு மெர்சின்னு பேரைப் பாத்து மெர்சி கதவை மட்டும் தட்டுவான். கெட்ட ஆளு?"

"எல்லாக் கதவயும் தட்டுவான், பாழாப் போனவன். நைட் ஷிப்ட்டு முடிச்சிட்டு தூங்கறவங்கள எயுப்பி வுட்டுடுவான்."

"தட்டின கதவு தொறந்துச்சுன்னு வச்சு அவன் சரியான ஆளுன்னு சொல்லிரலாமா?"

"அது எப்டி? எந்தக் கதவத் தட்னாலும் எவனாவது தொறப்பான்."

"அப்ப எப்படிக் கண்டுபிடிப்பிய?"

நான் கொஞ்சம் யோசித்தேன். கீழ்க்கடைசி ரூமில் இருந்த ஒரிசாக்காரன் ஊருக்குப் போன பிறகும் அவன் பேருக்குப் பார்சல் வந்தது. ஒருத்தன் பக்கத்து ரூமில் தள்ளிவிட்டுப் போனான். இன்னொருத்தன் என்னிடம் வந்து கேட்டு, ஆள் இல்லை என்றதும் திருப்பி எடுத்துக்கொண்டு போனான். "ரூம் காலி பண்ணவன் பேர்ல பார்சல் குடுத்துப் பாக்கணும். ஆள் இல்லன்னு திருப்பிக்கினு போனா நல்லவன்."

கை தட்டிவிட்டாள். "அதேதான் ஆச்சி. அந்தச் சாமானே இல்லாம பொறந்த எலி இருக்கு. அதோட மூளையில விட்டுப் பாக்கணும். அங்கயும் வெளக்கு எரிஞ்சா அது கெட்டது."

"உங்க கம்பெனில அப்டிப் பாத்துட்டுதான் அனுப்பறீங்களா?"

"இல்ல ஆச்சி. அந்த எலி கெடைக்கது கஷ்டம். இருக்க எடத்துல எரியுதான்னு பாப்போம். எரிஞ்சா அனுப்பிருவோம்." அன்றைக்கு இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. அந்த ஒரு நாளில் எங்கள் ஊர் ரோடு எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு கேட்டிலும் வாழைக் கன்று, கிரேனுக்கு மாலை, கன்டெய்னர் லாரிக்குப் பொட்டு, ரோடெல்லாம் உடைத்த பூசணிக்காய். பூஜைக்கு முன்னால் துடைக்காத மெஷின் இருக்கக் கூடாது. அழுக்கு மெஷினுக்குப் பொட்டு வைத்தால் அந்த வருஷம் விளங்காது என்று சூப்பர்வைசரில் இருந்து பெருக்குகிறவர் வரைக்கும் நம்புகிறார்கள். எலிக் கம்பெனியிலும் அப்படித்தான். மற்றவர்கள் தோரணம் கட்டிக்கொண்டிருக்க, கலைமதி பெரிய ஃப்ரீசரைச் சுத்தம் செய்ய இறங்கினாள். அதில்தான் அந்த விதையெல்லாம் சின்னச் சின்னக் குப்பியில் உறைந்து கிடக்கும். சுவரெல்லாம் பனி கட்டிப் போயிருந்ததாம். குப்பிகளை ஐஸ் பெட்டிக்கு மாற்றி, பனியைச் சுரண்டி, ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் ஒவ்வொன்றாகத் துடைத்திருக்கிறாள். சாமி கும்பிடுகிற சாமான் பளிச்சென்று இருக்க வேண்டும் அல்லவா.

துடைத்ததில் இரண்டு குப்பியில் பேனா எழுத்து அழிந்துவிட்டது. இடது கையில் ஒன்று, வலது கையில் ஒன்று. எது எது என்று அவளுக்குத் தெரியும். கை ஞாபகம் வச்சிக்கிடும். உடனே எழுதினாள், உள்ளே வைத்தாள், கதவில் சந்தனம் குங்குமம் வைத்தாள். சாயந்திரம் எங்களுக்குப் பொரிகடலையும் சுண்டலும் கொண்டுவந்தாள். நானும் தின்றேன். மெர்சி சாமி பிரசாதம் சாப்பிடலாமா என்று கேட்டுக்கொண்டே இரண்டு பங்கு தின்றாள். யாருக்கும் எந்த உறுத்தலும் இல்லை.

அதற்கப்புறம் அந்த விதையிலிருந்து வளர்த்து வளர்த்து பாட்டில் போய்க்கொண்டே இருந்தது.

பூஜா என்கிற பெண்ணின் போன் அதற்குப் பிறகுதான் வர ஆரம்பித்தது. பெங்களூரில் ஏதோ பெரிய படிப்பு. வலிப்பு வருகிற மூளையில் என்ன நடக்கிறது என்று தேடுகிறவள். வாங்கினவர்கள் சந்தேகம் கேட்டால் பதில் சொல்கிற வேலையும் கலைமதியிடம் இருந்தது. ஒரு சனிக்கிழமை மாடிப்படியில் உட்கார்ந்து அவள் பேசியதை நான் கீழே கீரை ஆய்ந்துகொண்டே கேட்டேன். முன்னே வாங்கின பாட்டிலில் ஒரு மாதிரி படம் வந்தது, இப்போது வாங்கினதில் வேறு மாதிரி வருகிறது என்று அந்தப் பெண் சொல்கிறாள் போலிருக்கிறது. இவள் பொறுமையாகத்தான் சொன்னாள்.

"பாட்டில் நல்லாத்தான் இருக்கு மேடம், நானே டெஸ்ட் பண்ணினது. உங்க பக்கம்தான் எங்கயோ தப்பு நடக்கு. கை இன்னும் பழகணும். மறுபடி செஞ்சு பாருங்க."

மறுபடி செய்து பார்த்தாள் அந்தப் பெண். மறுபடி போன் செய்தாள். இவளும் மறுபடி அதையே சொன்னாள். பிறகு போன் நின்றுவிட்டது. "சரியாயிட்டு போல ஆச்சி" என்றாள் கலைமதி.

இந்த நேரத்தில்தான் பெங்களூரில் ஒரு கூட்டம் சேர்ந்தது. இதை நான் தண்ணீர் லாரியை வைத்துப் புரிந்துகொண்டேன். முன்னெல்லாம் வெயில் காலத்தில் ஒரு லாரிக்காரன் உப்புத் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றிவிட்டுப் போவான். வாய் கரிக்கும். நான் கொட்டிவிட்டு வேறு லாரியைக் கூப்பிடுவேன், வெளியே சொல்ல மாட்டேன். மறுநாள் அதே லாரி அடுத்த தெருவில் ஊற்றும். பிறகு லைன் வீட்டுக்காரர்கள் எல்லாம் போனில் ஒரு குரூப் போட்டார்கள். எந்த லாரியில் நல்ல தண்ணீர், எதில் உப்பு என்று குடித்துப் பார்த்தவர்கள் அதில் போட்டுவிடுவார்கள். பெங்களூர்க்காரர்கள் செய்ததும் அதுதான். மூளைக்கான பாட்டில்களை எல்லாக் கம்பெனியிலும் கேட்டு வாங்கி, அந்தச் சாமான் இல்லாத எலியில் விட்டுப் பார்த்து, நல்லதையும் கெட்டதையும் யார் வேண்டுமானாலும் பார்க்கிற இடத்தில் போட வேண்டும். நல்ல விதையை யாராவது கொடுத்தால் அதன் பக்குவத்தைப் படித்து அதையும் திறந்தே வைக்க வேண்டும். எந்த ஊர்க்காரனும் காசில்லாமல் எடுத்துச் செய்துகொள்ளலாம்.

கம்பெனி மேனேஜர் இராமச்சந்திரன் சார் சரி என்றார். நல்ல பேர் வரும் என்று நினைத்தார். பாட்டில்களைக் கட்டி அனுப்பினவள் கலைமதி. பூஜா வாங்கின அந்தச் சரக்கைத்தான் முதலில் கட்டினாள். அதன் மேல் அத்தனை நம்பிக்கை.

படம் வந்தது. மெர்சி போனில் எனக்கும் காட்டினாள். அந்தச் சாமானே இல்லாத எலி, படம் இருட்டாக இருக்க வேண்டும். தீபாவளி மாதிரி எரிந்தது.

அன்றைக்கு அவள் கம்பெனி பஸ்ஸில் இருந்து இறங்கி வந்தவள் மாடிக்குப் போகவில்லை. குழாயடியில் நின்று கை கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள். "டேங்க்ல தண்ணி தீந்துடும்டி" என்று கத்தினேன். குழாயை மூடிவிட்டு அங்கேயே குந்திவிட்டாள்.

ஸ்பிரிட் பஞ்சு அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. ஆனால் உறுதியாகத் தெரிய வேண்டும். இரண்டு குப்பியையும் எடுத்து வளர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். விதை முளைக்கிற மாதிரி அதற்கும் நாள் பிடிக்கும். அந்த நாட்களில் அவள் செய்ததையும் சொல்கிறேன். சமையல் ரூமில் உள்ள டப்பாவுக்கெல்லாம் உப்பு, சர்க்கரை, சோடா மாவு என்று பேர் எழுதி ஒட்டினாள். ஒட்டினதை நம்பவும் மாட்டாள். ஒவ்வொரு தடவையும் திறந்து நாக்கில் வைத்துப் பார்ப்பாள். அப்புறம் மெர்சியைக் கூப்பிட்டு, "ஏட்டி, இது உப்புதானே?" என்று கேட்பாள். மெர்சி முதலில் சிரித்தாள். பிறகு அவளும் சிரிக்கவில்லை. மழை வந்தது. கொடியில் சட்டை நனைந்தது. கலைமதி மாடிப்படியில் நின்று பார்த்தாள், தொடவில்லை.

"மாறிப் போச்சு ஆச்சி" என்று ஒரு நாள் காலையில் வந்து சொன்னாள். சோறு வடித்துக்கொண்டிருந்தேன். முழுக்கதையும் அப்போதுதான் சொன்னாள். அழிந்த எழுத்து, இடது கை, வலது கை, எல்லாம். மாறின இன்னொரு குப்பியின் சரக்கை யாரும் வாங்குவதே இல்லை, அதனால் தெரியாமலே போயிற்று.

"சரி. இப்ப தெரிஞ்சிபோச்சில்ல. மாத்தி வெச்சிடு. முடிஞ்சிது."

"முடியல ஆச்சி. அந்தப் பூஜா மேடம் காலேஜுக்குப் போன் போட்டேன். படிப்பை விட்டுட்டாவளாம். ஓசூர்ல ஸ்கூல்ல பாடம் நடத்துதாவ. 'எனக்குக் கை வராது'ன்னு சொல்லிட்டுப் போனாவளாம்." உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். "அது நான் சொன்ன வார்த்தை ஆச்சி. நான்தான் திருப்பித் திருப்பிச் சொன்னேன்."

நான் வடித்த கஞ்சியைத் தள்ளி வைத்துவிட்டு, என் புத்திக்குப் பட்டதைச் சொன்னேன். வாயை மூடிக்கொண்டு இரு என்றேன். நீ சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது, உன் கல்யாணத்துக்கு உன் அப்பன் அங்கே அலைந்துகொண்டிருக்கிறான், வேலை போனவளுக்கு எவன் வருவான் என்றேன். பாதி மனசுக்கு இன்னும் அதுதான் சரி என்று தோன்றுகிறது. மெர்சி முறைக்கிறாள். முறைக்கட்டும், எழுது.

கலைமதி என்னோடு சண்டை போடவில்லை. தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு வாய் சாப்பிட்டாள். மிச்சத்தை நாய்க்கு வைத்தாள்.

பெங்களூர்க்காரர்கள் நல்லவர்கள். கெட்டது என்று போடுவதற்கு முன்னால் கம்பெனிக்குச் சொல்லி, நீங்கள் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்பார்களாம். இராமச்சந்திரன் சார் ஒரு பதில் யோசித்து வைத்திருந்தார். வழியில் வெயிலில் பாட்டில் கெட்டுப்போய்விட்டது, எங்கள் பேரை எடுத்துவிடுங்கள் என்று சொல்வது. கட்டி அனுப்பினவள் கலைமதி, அதனால் அதை அவள் வாயால் சொல்ல வேண்டும். அவள் முடியாது என்றாள்.

அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டார். பிளாஸ்டிக் சேரைத் துடைத்துப் போட்டேன். கலர் வாங்கிவரச் சொன்னேன். தெருவே எட்டிப் பார்த்தது. அந்த ஆளை வைத்தும் இரண்டு நாள் கதை ஓடியது, அது வேறு.

"ஆயா, பெரியவங்க நீங்க. எடுத்துச் சொல்லுங்க" என்றார். "தப்பு நடந்துபோச்சு. நான் அவளைத் திட்டக்கூட இல்லை. அந்தச் சரக்கை நிறுத்திட்டேன். இனிமே ஒரு பாட்டில்கூடப் போகாது. ஆனா குப்பி மாறிப்போச்சுன்னு வெளிய சொன்னா, மத்த பாட்டில்ல என்ன மாறியிருக்கோன்னு கேப்பான். எவனும் வாங்க மாட்டான். அங்க வேலை செய்யறவங்க எல்லாரும் இந்த மாதிரி ரூம்ல வாடகைக்கு இருக்கறவங்கதான்."

அவர் பேச்சில் ஞாயம் இருந்தது. நான் அவளைப் பார்த்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் அது ஞாயம் என்று தெரிந்ததுதான் பாவம். இந்தப் பக்கம் பூஜா, அந்தப் பக்கம் கூட வேலை செய்கிறவர்கள். எங்கே திரும்பினாலும் தன்னால்தான் என்று நின்றாள்.

"சார்," என்றாள். "பூஜைக்கு முன்னால போன பாட்டில் எல்லாம் நல்ல பாட்டில். அதை வச்சு ஒழுங்கா வேலை பாத்தவங்க இருக்காங்க. நாம என்னைக்கு மாறிச்சுன்னு சொல்லலன்னா அவங்க செஞ்சதும் பொய்யின்னு ஆயிரும். பின்னால வாங்கினவங்க, தங்களோட கைதான் சரியில்லன்னு நெனச்சிக்கிட்டே இருப்பாங்க. வெயில்னு நான் சொன்னா, 'சரி, இன்னொரு பாட்டில் அனுப்புங்க'ன்னு கேப்பாங்க. அதையும் நான்தானே கட்டணும்?"

"உன் வேலை போயிடும்மா. என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

"தெரியும் சார்."

கலரைக் குடிக்காமலே எழுந்து போனார்.

பெங்களூர்க்காரர்களோடு கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசுகிற கூட்டம் அந்த வாரம் நடந்தது. அங்கே நான் இல்லை, அவள் சொன்னதைத்தான் சொல்கிறேன். சார்தான் முதலில் பேசினாராம். வெயில் என்று தொடங்கும்போது இவள் கை தூக்கியிருக்கிறாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. "பாட்டில் கெடலை. விதை மாறிட்டு. ஆயுத பூஜைக்குத் தொடைக்கும்போது நான்தான் மாத்தினேன்" என்று சொல்லிவிட்டாள். யாரும் திட்டவில்லையாம். எந்த நாள், எந்தப் பாட்டில் முதற்கொண்டு என்று மட்டும் கேட்டு, அப்படியே எல்லோரும் பார்க்கிற இடத்தில் போட்டார்களாம். திட்டியிருந்தால் தேவலை ஆச்சி என்றாள்.

கூட்டம் முடிந்து சார் அவளை உள்ளே கூப்பிட்டார். வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடு என்றார். கொடுக்கிறேன், ஒன்று மட்டும் கேட்கிறேன் என்றாளாம். சரியான விதை இப்போது எது என்று தெரிந்துவிட்டது, அதைப் பொதுவில் கொடுத்துவிடுங்கள், நம் கம்பெனி கொடுத்தது என்று பேர் போட்டே கொடுங்கள் என்று. சார் சரி என்று தலையாட்டினாராம். கேட்டில் காட்டுகிற பாஸில் அவரே கையெழுத்துப் போட்டார். அந்த ஆளை நான் முழுசாகத் திட்ட மாட்டேன், பாதிதான் திட்டுவேன்.

கேட்டுக்கொள் சுந்தராம்பா. அந்தப் பாஸைப் பார்த்துத்தான் செக்யூரிட்டி பெட்டியை விட்டான். பையைக் கொட்டினது வழக்கம், வேலையை விட்டுப் போகிற யாருக்கும் செய்வது. பையில் இருந்தது சாப்பாட்டு டப்பாவும் ஒரு சீப்பும்.

அதற்கு முன்பே அவள் பூஜாவுக்குப் போன் செய்திருந்தாள். மாடிப்படியில் அதே இடத்தில் உட்கார்ந்துதான் பேசினாள். எல்லாம் சொல்லி முடித்தாள். அந்தப் பக்கத்திலிருந்து, "இப்ப சொல்றீங்களே" என்று ஒரு வார்த்தை. போன் கட்டாகிவிட்டது. கலைமதி போனை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். நான் காபி கொண்டுபோய் வைத்தேன், ஆடை படிந்துபோயிற்று. மறுநாள் அந்தப் பெண்ணிடமிருந்து சேதி வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஓசூருக்கு வா என்று. வேறு எதுவும் இல்லை.

போன நாள் காலையில் கம்பெனிக்குப் போய்ப் பெட்டியை வாங்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வந்தாள். மடியில் வைத்துப் பிள்ளையைக் கொண்டுவருகிற மாதிரி இறக்கினாள். வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி, உள்ளே டிரை ஐஸ். மூடி ஓரத்தில் இழை இழையாகப் புகை. லைன் வீட்டுப் பிள்ளைகள் சுற்றி நின்றுகொண்டன. குப்பி மேல் இந்தத் தடவை பேனாவால் எழுதவில்லை, அச்சடித்து ஒட்டியிருக்கிறது என்றாள். பெட்டி மேலும் அப்படியே ஒட்டியிருந்தது. மெர்சியை விட்டு அதைச் சத்தமாகப் படிக்கச் சொன்னாள். படித்தாள். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

"இத்த பெங்களூர்ல குடுத்தா அங்க உனக்கு வேலை கீதா?"

"தெரியல ஆச்சி. பெட்டியைக் குடுத்துட்டுத்தான் கேக்கணும். அவியளுக்கு வெதையை வளத்துப் பாக்க ஆள் தேவைதான். ஆனா என்னைய நம்பிக் குடுப்பாவளான்னு தெரியல."

"அப்பாகிட்ட இன்னா சொன்ன?"

"உள்ளதைச் சொன்னேன். போனை அம்மாகிட்ட குடுத்துட்டார்."

நான் உள்ளே போய்க் குங்குமச் சிமிழை எடுத்துவந்தேன். வீட்டை விட்டு ஒரு சாமான் கிளம்பினால் பொட்டு வைக்காமல் நான் அனுப்பினது கிடையாது. வாஷிங் மெஷின் ரிப்பேருக்குப் போனாலும் வைப்பேன். குனிந்து பெட்டி மேல் விரலைக் கொண்டுபோனேன்.

"வேண்டாம் ஆச்சி!"

அவள் கத்தின கத்தலில் பிள்ளைகள் பின்னால் போய்விட்டன. கையால் பெட்டியை மூடிக்கொண்டாள்.

"ஒரு பொட்டுடி. எழுத்து மேல வெக்க மாட்டேன். ஓரத்துல."

"வேண்டாம் ஆச்சி. அதைத் தொடாதீங்க."

எனக்கும் வீம்பு. குங்குமம் விரலில் இருக்கிறது, எடுத்ததைத் திருப்பிச் சிமிழில் போடுவது எனக்கு ஆகாது. அப்படியே நின்றேன். அவளும் பெட்டியை விட்டு நகரவில்லை. மெர்சி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

கலைமதிதான் முதலில் இறங்கி வந்தாள். பெட்டி மேல் இருந்த கையை எடுக்காமலே நெற்றியை என் பக்கம் நீட்டினாள். "எனக்கு வைங்க. அதுக்கு வேண்டாம்."

வைத்தேன். கொஞ்சம் அழுத்தியே வைத்தேன்.

"ஓசூர்ல அந்தப் பொண்ணு உன்ன வாய்க்கு வந்தபடி திட்டினா இன்னா பண்ணுவ?"

"திட்டட்டும் ஆச்சி. கேட்டுக்கிட்டு நிக்கதுக்குத்தான் போறேன்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். பெட்டியை நெஞ்சோடு தூக்கிக்கொண்டாள். ஷிப்ட் மாறுகிற நேரம், கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் தெரு முழுக்க நின்றார்கள். பின் பக்கச் சந்து வழியாகப் போனால் ஒருத்தர் கண்ணிலும் படாமல் ரோட்டுக்குப் போய்விடலாம், சாவி என்னிடம்தான் இருந்தது, திறக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். முன் வாசலைத் தாண்டி, அத்தனை பேருக்கும் நடுவே, புகை வருகிற பெட்டியோடு மெதுவாக நடந்து போனாள்.